தோட்டத்து ஊரில் மண்கலைஞராக வாழ: புதிதாக வருபவர்களுக்கு

ரப்பர் தோட்டத்துப் பால் மரத்தில் கம்பி வளையத்தில் உட்கார்ந்திருந்த மங்குதான், அதாவது பால் பிடிக்கும் கிண்ணம்தான், நான் கையில் எடுத்த முதல் சுடுமண் பாத்திரம். வெளியே சொரசொரப்பு, உள்ளே கண்ணாடிபோல் வழவழப்பான மெருகுப் பூச்சு. காய்ந்த ஒட்டுப்பாலை விரலால் நெம்பினால் முழுதாக உரிந்து வரும். ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் சீனக் குயவர்கள் சரிவில் நீளமாகக் கட்டிய டிராகன் சூளைகளில் இந்த மங்குகளைச் சுட்டுத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். 1940இல் கட்டப்பட்ட தாவ் குவாங் சூளை சிங்கப்பூரில் இன்றும் நிற்கிறது. இங்கே மலேசியத் தோட்டங்களில் பிளாஸ்டிக் மங்கு வந்தது. பிறகு பால் மரங்களும் போய்ச் செம்பனை எனப்படும் எண்ணெய்ப் பனை வந்தது. என் அம்மா கடைசி நாள் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போய்த் திரும்பியபோது கொண்டுவந்த இரண்டு மங்குகள் இன்னும் என் பட்டறை அலமாரியில் இருக்கின்றன.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டே மண்ணை நம்பி வாழ முடியுமா என்று கேட்டு இளைஞர்கள் வருகிறார்கள். முடியும். கோலாலம்பூருக்குக் குடிபோக வேண்டியதில்லை. அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். வனையும் கைப்பழக்கம் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அது சக்கரத்தின் முன் உட்கார்ந்தால்தான் வரும். ஆனால் நல்ல கைப்பழக்கம் இருந்தும் தொழிலை விட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நாட்களை எண்ணத் தெரியவில்லை. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நாட்களைப் பின்னோக்கி எண்ணுங்கள்

மழை பெய்தால் பால் வெட்டு இல்லை என்பது தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். மண்வேலைக்கும் அதே சட்டம்தான். ஒரு குவளையை இன்று வனைந்தால், நாளை அல்லது மறுநாள் அதன் அடியைச் செதுக்கலாம். பிறகு அது காய வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் சிறிய குவளைக்கே ஒரு வாரம், மழைக்காலத்தில் இரண்டு வாரம் ஆகும். முதல் சுடுதலுக்கு ஒரு பகல், ஆற ஒரு நாள். மெருகு பூசி இரண்டாம் சுடுதலுக்கு மறுபடி இரண்டு நாள். எப்படிச் சுருக்கினாலும் இரண்டு வாரம், மழைக்காலத்தில் மூன்று வாரம். முழங்கை உயரச் சாடிக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஒதுக்குங்கள்.

காய்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சுடாத பச்சைக் கலத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அதைச் சூளையில் வைத்தால் 100 டிகிரியைத் தாண்டும்போது அந்த ஈரம் ஆவியாகிக் கலத்தை வெடிக்கச் செய்யும். சில்லுகள் பக்கத்துக் கலங்களையும் கெடுக்கும். சந்தேகம் இருந்தால் 80, 90 டிகிரியில் சில மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டு மேலே போங்கள். 573 டிகிரியை ஒட்டியும் நிதானம் வேண்டும். அந்த வெப்பத்தில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரிகிறது, ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்குகிறது. அவசரப்பட்டால் மயிரிழை போன்ற விரிசல் விழும்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மார்ச் 1ஆம் தேதி ஒரு கண்காட்சி. படைப்புகள் பிப்ரவரி 20க்குள் போய்ச் சேர வேண்டும். கடைசிச் சுடுதல் பிப்ரவரி முதல் வாரத்தில் முடிந்தால்தான், ஒன்று கெட்டாலும் மறுபடி சுட நேரம் இருக்கும். அப்படியானால் முதல் சுடுதல் ஜனவரி நடுவில். ஆனால் ஜனவரி நடுவில் பொங்கல். அதுவரை கையிலும் சூளையிலும் பொங்கல் பானையும் சட்டியும்தான். ஆகவே கண்காட்சிக்கான வனைதலை நவம்பருக்குள் முடிக்க வேண்டும். பேராக்கில் அக்டோபரும் நவம்பரும் நல்ல மழை. எனவே பெரிய கலங்களைச் செப்டம்பரிலேயே வனைந்து முடிப்பது உத்தமம். மார்ச் கண்காட்சிக்குச் செப்டம்பர்! புதிதாக வருபவர்கள் நம்ப மாட்டார்கள். ஒரு முறை இப்படி எண்ணிப் பழகிவிட்டால் பிறகு தானாக வரும். சுவரில் ஒரு பெரிய நாள்காட்டியை மாட்டி, தேதியிலிருந்து பின்னோக்கிப் பென்சிலால் குறியுங்கள்.

மண்ணும் சூளையும்

தொடக்கத்தில் மூட்டையில் விற்கும் தயார் மண்ணை வாங்குங்கள். எத்தனை டிகிரிக்கு உரிய மண் என்று கேட்டு வாங்குங்கள். 1,000 டிகிரியை ஒட்டிச் சுடும் செம்மண்ணும் 1,200க்கு மேல் போய்க் கல்போல் இறுகும் ஸ்டோன்வேர் மண்ணும் ஒரே சூளையில் சேர்ந்து சுட முடியாதவை. நம் பேராக் மாநிலத்தின் பீடோர், தாப்பா பக்கம் வெட்டியெடுக்கும் வெண்களிமண்தான் பல கலவைகளில் கலந்திருக்கிறது என்பதை அறிந்தபோது எனக்கு இனம் புரியாத மகிழ்ச்சி.

ஓடைக்கரை மண்ணில் ஆசை வரும். வரட்டும். தோட்ட நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு ஒரு வாளி மட்டும் எடுங்கள். வேர், கல் பொறுக்கி, நீரில் ஊறவைத்துக் கரைத்து, நெருக்கமான சல்லடையில் வடித்து, துணியில் கட்டித் தொங்கவிட்டுப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். பட்டையாகத் தட்டி, சரியாக 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு கீறுங்கள். சுட்டபின் அந்தக் கோடு 9 சென்டிமீட்டர் என்றால் மண் பத்து விழுக்காடு சுருங்குகிறது. இரும்பு மிகுந்த நம் செம்மண் அதிக வெப்பத்தில் உப்பும், சில சமயம் உருகியே ஓடும். ஆகவே முதல் சோதனையை ஒரு பழைய ஓட்டின் மேல் வைத்துத்தான் சுட வேண்டும்.

சாம்பலையும் சோதித்துப் பார்க்கலாம். சாம்பல் இரண்டு பங்கு, பெல்ட்ஸ்பார் என்ற கனிமத் தூள் இரண்டு பங்கு, களிமண் ஒரு பங்கு என்பது ஸ்டோன்வேர் சாம்பல் மெருகுக்கு உலகெங்கும் வழங்கும் தொடக்கக் கலவை. ரப்பர் விறகுச் சாம்பலிலும் செம்பனை ஆலைக் கொதிகலன் சாம்பலிலும் நான் செய்து பார்த்திருக்கிறேன். இரண்டும் வெவ்வேறு பச்சை தருகின்றன. சாம்பல் நீர் தோலை அரிக்கும், கையுறை அவசியம்.

சூளையை முதல் ஆண்டில் வாங்காதீர்கள். அருகில் சூளை வைத்திருப்பவரிடம் சூளைத் தட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசிச் சுடுங்கள். வீட்டுச் சுவரிலுள்ள 13 ஆம்பியர் பிளக் ஏறத்தாழ 3 கிலோவாட்தான் தாங்கும். அதில் ஓடுவது சோதனைத் துண்டு சுடும் சின்னச் சூளை மட்டுமே. நடுத்தரச் சூளைக்கு 30, 40 ஆம்பியர் வேண்டும், தனிக் கம்பி வேண்டும். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை அழைத்துத்தான் இழுக்க வேண்டும். பலகைச் சுவர் கொண்ட தோட்டத்தின் பழைய லயத்து வரிசை வீட்டுக்குள் சூளை வைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாலு பக்கமும் காற்று போகும் தகரக் கொட்டகையே போதும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காய்ந்த மண்தூளில் சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறிப் போகும், அதற்கு மீட்சி இல்லை. பட்டறையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

அடுப்பேறும் பானை வேறு, அலமாரிப் பானை வேறு

நான் மெருகிட்ட ஸ்டோன்வேர் பானை ஒன்றைச் செய்து, பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு குடும்பத்துக்கு விற்றேன். அழகான பானை. பொங்கலன்று காலை அடுப்பில் ஏற்றிய சிறிது நேரத்தில் அது அடியோடு பிளந்தது. அந்த வீட்டுப் பாட்டி என்னிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. "பொங்குற நேரத்துல உடைஞ்சிருச்சேம்மா" என்று மட்டும் சொன்னார். இன்றுவரை என் காதில் அது இருக்கிறது.

காரணம் எளிது. அதிக வெப்பத்தில் சுட்ட மண் கண்ணாடிபோல் இறுகிவிடும். நேரடி நெருப்பில் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சூடேறினால் அதற்கு விரிந்து கொடுக்கத் தெரியாது. மணல் கலந்து, குறைந்த வெப்பத்தில், மெருகில்லாமல் சுட்ட செம்மண் பானையில் நுண்ணிய துளைகள் உண்டு; அதனால் நெருப்பைத் தாங்குகிறது. கோல சிலாங்கூர் அருகே கம்போங் குவாந்தானில் பொங்கல் பானை செய்யும் நம் குயவர் குடும்பங்களின் வேலையைப் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு பெரியவரிடம், "ஐயா, மணல் எவ்வளவு?" என்று கேட்டேன். "அளவு கையில இருக்கும்மா, பிசைஞ்சு பாரு" என்று ஒரு உருண்டையை என் உள்ளங்கையில் வைத்தார். எந்தப் புத்தகமும் அதைத் தந்திருக்காது. நீங்கள் விற்கும் ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு சீட்டு வையுங்கள்: அடுப்பில் வைக்கலாமா, உணவு பரிமாறலாமா, பார்வைக்கு மட்டுமா. உணவுக் கலங்களுக்கு ஈயம் கலக்காத மெருகை மட்டும் வாங்குங்கள்.

பயிற்சிப் பட்டறை நடத்துவது

மாத வருமானம் பெரும்பாலும் இதிலிருந்துதான் வரும், ஆகவே இதில் அக்கறை வேண்டும். கையால் செய்யும் வேலைக்கு ஒருவர் பத்துப் பேர் வரை பார்த்துக்கொள்ளலாம். சக்கரம் என்றால் மூன்று பேருக்கு மேல் கூடாது. ஆளுக்கு ஒரு கிலோ மண் போதும். இரண்டு மணி நேரத்தில் முடியும் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். தீபாவளிக்கு முன் அகல் விளக்கு, ஆசிரியர் தினத்துக்குப் பேனாக் குவளை என்று ஊரின் நாட்களோடு சேர்ந்து போனால் ஆள் வரும்.

முடிந்ததும் ஒவ்வொரு கலத்தின் அடியிலும் எண்ணை நீங்களே கீறி, பெயர்ப் பட்டியலில் அதே எண்ணை எழுதுங்கள். பங்கேற்பவர்கள் கீறும் பெயர்கள் மெருகில் மறைந்துவிடும். "நான்கு வாரம் ஆகும், சில கலங்கள் சூளையில் உடையலாம், உடைந்தால் மறுபடி வந்து இலவசமாகச் செய்யலாம்" என்பதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லுங்கள். கட்டணத்தில் இரண்டு சுடுதலின் செலவும் அடங்கியிருக்க வேண்டும். பலர் இதை மறந்து கைப்பணம் போடுகிறார்கள்.

தமிழ்ப்பள்ளிகளுக்குப் போகும்போது தலைமை ஆசிரியரோடு பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் கலந்து பேசுங்கள், செலவில் அவர்கள் தோள் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கு மாதிரி காட்டாதீர்கள். காட்டினால் முப்பது பேரும் அதையே செய்வார்கள். ஒரு முறை என் அம்மாவின் மங்கை எடுத்துப் போய், "இது என்ன?" என்றேன். ஒரு பையன் ஐஸ்கிரீம் கிண்ணம் என்றான். அன்றைய வகுப்பு முழுவதும் மங்கைப் பற்றியே போயிற்று. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் கேட்டு, மறுவாரம் கதைகளோடு வந்தார்கள்.

கண்காட்சிக்குப் போகும் வழி

கிராஃப்தாங்கான் எனப்படும் மலேசியக் கைவினை மேம்பாட்டுக் கழகம் கோலாலம்பூரில் கொன்லே சாலைக் கைவினை வளாகத்தில் தேசியக் கைவினை நாள் விழாவை நடத்துகிறது. முறையாகப் படிக்க விரும்பினால் அதே கழகத்தின் தேசியக் கைவினைப் பயிற்சிக் கழகம் ரவாங்கில் இருக்கிறது. 1958இல் தொடங்கிய தேசியக் கலைக்கூடத்தின் பொது அழைப்புகளையும் கவனித்து வாருங்கள். ஆனால் முதல் கண்காட்சி ஈப்போவில் ஒரு காப்பிக் கடைச் சுவரோரமாக இருந்தாலும் குறைவில்லை. பத்துக் கலங்கள், ஒரே எண்ணம், அது போதும். இருபது விதமான கலங்களை வைத்தால் கடைபோல் தெரியும்.

விண்ணப்பத்தில் படம்தான் முதலில் பேசும். சாம்பல் நிறத் தாளை வளைத்து விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில், காலை ஒன்பது மணிக்குள் எடுங்கள். தலைப்பு, ஆண்டு, மண், சுட்ட வெப்பம், உயரம், அகலம், ஆழம் சென்டிமீட்டரில், இவ்வளவும் கேட்பார்கள். கலைஞர் குறிப்பு என்று ஒன்று கேட்பார்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதினாலும் முதலில் தமிழில் உங்களுக்கே எழுதிப் பாருங்கள். "மனித இருப்பின் நிலையாமை" என்று தொடங்காதீர்கள். எந்த ஓடை மண், எந்த மரச் சாம்பல், யார் கையிலிருந்து கற்றது என்று எழுதுங்கள். உங்களைத் தவிர வேறு யாரும் எழுத முடியாத வரி அதுதான்.

இங்கிருந்து கோலாலம்பூர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். கலத்தைத் துணியில் சுற்றி ஒரு பெட்டி, அதைச் சுற்றி நாளிதழ் கசக்கிப் போட்டு இன்னொரு பெட்டி. மூடியபின் பெட்டியைக் குலுக்குங்கள். சத்தம் வந்தால் பிரித்து மறுபடி கட்டுங்கள். மூடியையும் கலத்தையும் சேர்த்துக் கட்டாதீர்கள். உயரமான சாடிகளுக்குள் வைக்கச் சிறு மணல் பைகளை எடுத்துச் செல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகள் ஓடும் கூடத்தில் அந்த ஒரு கிலோ மணல்தான் காவல். ஒப்படைக்கும்போது ஒவ்வொன்றையும் படமெடுத்து, கீறல் இல்லை என்று கையொப்பம் வாங்குங்கள். ஒரு காட்சிக்கூடத்திலிருந்து விளிம்பு உடைந்து திரும்பிய கலத்துக்கு நான் எதுவும் கேட்க முடியாமல் போனது, இந்தத் தாள் இல்லாததால்தான்.

விலை வைக்கும்போது கூச்சப்படாதீர்கள். ஒரு குவளைக்கு மண்ணும் மெருகும் 3 ரிங்கிட், சுடுதலில் அதன் பங்கு 4, நாற்பது நிமிட வேலைக்கு 13 என்று வைத்தால் 20 ரிங்கிட். பத்தில் இரண்டு கெடும் என்றால் அது 25. காட்சிக்கூடம் 40 விழுக்காடு எடுத்துக்கொள்ளுமானால் விலை 42. சொந்தக்காரர்கள், "மண்ணுக்கா இவ்வளவு?" என்பார்கள். இந்தக் கணக்கைப் பொறுமையாகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். பட்டறையில் ஒரு விலை, காட்சிக்கூடத்தில் ஒரு விலை என்று மட்டும் வைக்காதீர்கள்.

பிறரோடு சேர்ந்து செய்வது

எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பிடித்தது இதுதான். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் பக்கம். பேராக் ஆற்றின் மறுகரையில் சாயோங். சுரைக்காய் வடிவில் கறுப்பாக மின்னும் லாபு சாயோங் தண்ணீர்க் குடுவை அங்கிருந்துதான் வருகிறது. இப்போது பல இடங்களில் கூழ்மண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றிச் செய்கிறார்கள். கையால் எழுப்பும் மூத்த பெண்மணிகளும் இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம், "மாக்சிக் (அத்தை), நான் உமி மூட்டை தூக்குகிறேன், நீங்கள் கறுப்பாக்கும்போது பார்க்கலாமா?" என்று மலாயில் கேட்டேன். மூன்று மாதம் போனேன். கலத்தைச் சூளையிலிருந்து தகதகவென்று எடுத்து நெல் உமியில் புதைக்கிறார்கள். உமி புகைந்து, கரி மண்ணின் துளைகளுக்குள் போய்த் தங்குகிறது. அந்தக் கறுப்பு பூச்சு இல்லை, அதனால் உரிவதும் இல்லை. அடுத்த ஆண்டு அவருடைய கறுப்பில் என்னுடைய தீச்சட்டி வடிவங்களைச் சேர்ந்து செய்தோம். இரண்டு பெயரும் ஒரே எழுத்தளவில் அட்டையில் இருக்க வேண்டும் என்று காட்சிக்கூடத்தோடு வாதாடினேன். நீங்களும் வாதாடுங்கள். பாரம்பரியக் கைவினைஞரை "உதவி" என்று சிறிய எழுத்தில் போடும் வழக்கம் கண்ணியமற்றது.

எவ்வளவு நெருக்கமானவரோடு சேர்ந்தாலும் ஒரு பக்கத் தாள் எழுதிக்கொள்ளுங்கள். மண், சுடுதல் செலவு யாருடையது, உடைந்தால் யார் பொறுப்பு, அச்சு யாரிடம் இருக்கும், விற்ற பணம் எப்படிப் பிரியும், அதே வடிவத்தை ஒருவர் தனியாகச் செய்யலாமா. இது நட்பைக் கெடுக்காது. எழுதாமல் விட்டதால் முறிந்த நட்புகளே எனக்குத் தெரிந்து அதிகம்.

உணவகங்கள் தட்டு கேட்டு வந்தால் சுருக்கக் கணக்கைச் சரியாகப் போடுங்கள். 24 சென்டிமீட்டர் தட்டு வேண்டும், மண் 12 விழுக்காடு சுருங்கும் என்றால் 24ஐ 0.88ஆல் வகுக்க வேண்டும்; 27.3 சென்டிமீட்டருக்கு வனைய வேண்டும். 24உடன் 12 விழுக்காட்டைக் கூட்டினால் தட்டு சிறிதாகிப்போகும், நாற்பது தட்டிலும் அதே தவறு நிற்கும். முதலில் மூன்று தட்டு மாதிரியாகக் கொடுத்து, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக் கழுவிப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிப் பணம் முன்னால் வாங்குங்கள். கோயில் திருவிழாவுக்கு அகல் விளக்கு கேட்கும் ஆலய நிர்வாகத்திடமும் தேதியையும் எண்ணிக்கையையும் எழுத்தில் வாங்குவதில் தவறில்லை. கேட்டதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் செய்து வையுங்கள்.

தாள் வேலை

எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் தனிநபர் வணிகமாகப் பதியுங்கள். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60. பதிவு இல்லாமல் பள்ளிகளும் அரசு அமைப்புகளும் பணம் தரத் தயங்கும். சூளை வாங்கும் காலம் வந்ததும் சிறுதொழில் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குன் வழியாக இந்தியத் தொழில்முனைவோருக்கு வரும் ஸ்புமி கடனை விசாரியுங்கள். கலைத் திட்டங்களுக்கு மானியம் தரும் செண்டானா 2017 முதல் இயங்குகிறது. விண்ணப்பத்தில் செலவுக் கணக்கு துல்லியமாக இருக்க வேண்டும், ஆகவே மண் மூட்டை ரசீதிலிருந்து எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

அந்தக் கோப்போடு ஒரு சூளை நோட்டும் வேண்டும். ஒவ்வொரு சுடுதலுக்கும் தேதி, அன்று மழையா வெயிலா, எந்த மண், எந்த மெருகு, எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி, எது எந்தத் தட்டில் இருந்தது, என்ன ஆயிற்று. கண்காட்சியிலிருந்து விற்காமல் திரும்பிய கலங்களையும் அதில் எண்ணோடு குறியுங்கள். ஓராண்டு கழித்து யாராவது அந்தப் பச்சையைக் கேட்டு வருவார்கள், அப்போது எந்தச் சாம்பல் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.